அத்தை திறந்த ஆட்டு மண்டை

ஆட்டின் மண்டையைத் திறந்து, மூடி, அந்த ஆட்டை மேய அனுப்பிய ஆள் மோகனூர்ப் பக்கம் என் அத்தை ஒருத்திதான். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. புருஷன் செத்ததும் புகுந்த வீட்டில் அடித்தார்கள், எங்களிடம் வந்துவிட்டாள். வந்த ஆறாம் மாதம் எங்கள் பட்டியில் ஒரு பெட்டை ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. பிறகு விழுந்தது. கால்கள் தாமாக வெட்டி இழுத்தன, தாடை நடுங்கியது.

பெரியப்பா பூசாரியிடம் வாக்குக் கேட்டு வந்தார். தாலியறுத்தவள் பட்டிக்குள் கால் வைத்த குற்றத்தால் ஆட்டைப் பேய் பிடித்ததாம். ஆட்டு நோய்க்குப் பழி போட அந்த ஆளுக்கு ஒரு பெண்பிள்ளைதான் கிடைத்தாள்!

"வெள்ளிக்கெழமை வண்டி கட்டறேன். உன்ற ஊட்டுக்கே போயிரு அம்மிணி" என்றார் பெரியப்பா. அப்பா வண்டி அச்சுக்கு எண்ணெய் போட எழுந்து போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏனுங்ணா, ஆடு எந்திரிச்சு மேஞ்சுட்டா?" என்றாள் அத்தை.

"மேஞ்சா நீ இரு. எங்க எந்திரிக்கப் போவுது?"

"பேய் புடிச்ச ஆட்டுக்கு மண்டை எலும்பு எதுக்குங்க மெத்துன்னு இருக்குது? தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. ஒன்பது வயதுப் பெண் நான் தொட்டேன். எலும்பு பழத்தோல் மாதிரி அமுங்கியது. முன்பு ஒருமுறை கறிக்குத் தலை உடைத்தபோது, இப்படி மெலிந்த எலும்புக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் பையை அத்தை பார்த்திருக்கிறாள். அவள் படித்த வைத்தியம் அவ்வளவுதான்.

பாவாடையைச் செருகிக்கொண்டு ஆட்டின் கால்கள்மேல் உட்கார்ந்தேன். அதன் உதறல் என் பல் வரைக்கும் ஏறியது. அத்தை கத்தியை நெருப்பில் வாட்டித் தோலைக் கீறி மடித்தாள். எலும்பைத் துளி துளியாகக் கிள்ளி எடுத்தாள். நுங்கு போல ஒரு பை பிதுங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு உருவினாள். தண்ணீருக்குள் வெள்ளைக் குருணைகள் தெரிந்தன. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பிக் கட்டினாள்.

"இதைய வெளிய வீசிப்போட்டுக் கையக் கழுவு சாமி" என்றாள். வீசினேன். எங்கள் நாய் தாவி விழுங்கியது.

வெள்ளிக்கிழமை வண்டி பூட்டி நின்றது. ஆடு தள்ளாடி எழுந்து புல்லைக் கடித்தது. பெரியப்பா ஆட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மாட்டை அவிழ்த்தார்.

"வெயிலு சாஸ்தி" என்றார்.

அடுத்த வருடம் நான்கு ஆடுகள் சுற்றின. அதற்கடுத்த வருடம் பக்கத்துப் பட்டிகளிலும் சுற்றின. மூன்றுக்கு இரண்டை அத்தை பிழைக்க வைத்தாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை. "எந்தங்கச்சி கை" என்று பெரியப்பாவே சந்தையில் பீற்றிக்கொண்டார்.

நான் பிள்ளை பெற்றவளான பிறகு ஒரு மாட்டு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தக் குருணைதான் நாயின் குடலில் புழுவாகுமாம். நாய் கழியும் புல்லிலிருந்து அதன் முட்டை ஆட்டுக்குள் போய், மூளையில் பையாகுமாம்.

அத்தை எடுத்த ஒவ்வொரு பையையும் வீசியது நான்தான். மண் ஒட்டாமல், நாயின் வாய்க்கு நேராகக் குறிபார்த்து வீசுவேன்.