பேஸ்பால் அட்டையின் மறுபக்கம்

அமெரிக்காவில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம், பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பது. உள்ளங்கை அளவு அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவரைப் பற்றி நாலு வரி, சில எண்கள். பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகள் எனக்குக் கட்டுப்படியாகாது. யாருக்கும் நினைவில்லாதவர்களின் அட்டைகளைத்தான் வாங்குவேன். சேகரிப்பவர்கள் அவற்றை ‘காமன்’, அதாவது சாதாரண அட்டை, என்பார்கள்.

வியட்நாமில் சைகோனுக்கு மாற்றலாகி பூ மி ஹங் பகுதியில் குடியேறிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் கடைகள் உள்ள தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் லைட்டர்களுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு கட்டு பேஸ்பால் அட்டை! பூதக்கண்ணாடியை எடுத்து மூலைகளைப் பார்த்தேன். எல்லாம் மழுங்கியிருந்தன. படங்களில் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. “அத்தனையும் காமன்தான்” என்று போனில் மனைவியிடம் சொன்னேன்.

“காமன்னா என்னா தம்பி?”

கேட்டது கடைக்கார அம்மாள். அறுபது வயதிருக்கும். வியட்நாமியர் என்றே நினைத்திருந்தேன். அவருடைய அப்பா காரைக்காலிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்தவராம்.

“மதிப்பு கம்மின்னு அர்த்தம்க்கா. ஒண்ணு ஒரு காப்பி விலைகூடப் போகாது.”

அவர் முகம் வாடவில்லை. “ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குப் போறப்ப கொடுத்துட்டுப் போனது. எழுபத்தஞ்சுல கம்யூனிஸ்ட்காரங்க ஊரைப் புடிச்சதும் பயந்துபோயி இங்கிலீஷ் புஸ்தகத்தையெல்லாம் வாப்பா அடுப்புல போட்டுட்டாஹ. இதை மட்டும் துணிக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டேன். இதுலதான் இங்கிலீஷ் படிச்சேன். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

நான் ஒரு அட்டையின் படத்தை மட்டும் காட்டினேன்.

“ஆறடி ஒரு அங்குலம். இடது கைக்காரர். குளிர்காலத்துல மாமனார் கடையில ஆணி, சுத்தியல் விப்பாரு.”

திருப்பிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று பத்து அட்டை காட்டினேன். பிறந்த ஊர், எடை, வருடவாரியாக அடித்த ஓட்டங்கள், எதிலும் ஒரு எண் பிசகவில்லை.

“ஆட்டம் பார்த்திருக்கீங்களா?”

“இல்லையே. ஹோம் ரன்னுன்னா ஆட்டத்தை விட்டுட்டு வூட்டுக்கு ஓடிப்போறதுன்னு நெனைச்சிருந்தேன். இந்த ஆளு ஒரே வருசத்துல பத்தொம்பது தடவை ஓடியிருக்காரே, பொஞ்சாதி மேல அவ்வளவு ஆசையான்னு யோசிப்பேன்.”

இருவரும் சிரித்தோம். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பதுதான் ஹோம் ரன் என்று சொல்லி, போனில் ஒரு ஆட்டத்தைத் தேடிப் போட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டதையும் கவனிக்காமல் பார்த்தார். மட்டையில் பட்ட பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு தூரமா போவும்?”

“இதை ஏன்க்கா விக்கிறீங்க?”

“மனப்பாடமாயிடுச்சே தம்பி. இனிமே அட்டை எனக்கு எதுக்கு?”

அவர் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் சேகரிப்பை மேசையில் பரப்பினேன். பத்து வருடமாக மூலைகளையும் மடிப்புகளையும் பார்த்து மதிப்புப் போட்டிருக்கிறேன். ஒன்றின் பின்பக்கத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் அட்டையைத் திருப்பினேன்.