ஐஸ் லொறிக்காரரின் கிற்றார்

கெளுத்தி மீன் முள் என் கையில் ஏறியிராவிட்டால் அந்த ஐஸ் லொறிச் சாரதியை எங்கள் கோயில் சிறுவர் பாடகர் குழாமுக்கு அண்டவே விட்டிருக்க மாட்டேன். கீபோர்ட் வாசிக்கிறவன் நான். கட்டு அவிழும்வரை மூன்று ஞாயிறு என் கதிரையில் அவர் கிற்றாரோடு இருந்தார்.

வெள்ளாங்குளத்து ஆள். ஒல்லி, ஐஸ் தூக்கித் தூக்கி வெடித்த கைகள். கிற்றாரில் அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு விரல் பிடி. எனக்கு முப்பது தெரியும். முப்பதையும் ஒரே பாட்டில் காட்டியும் விடுவேன்.

என்னோடு பாடும்போது வாய்க்குள் முணுமுணுக்கிற என் ஆறு வயது மகள், அவர் வாசித்த ஒரு ஞாயிறு அல்லேலூயாவை எங்கேயோ மேலே கொண்டுபோய், தன் பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டு, சிரித்தபடி இறங்கி வந்தாள். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் ஒற்றைத் தந்தியை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மெட்டை விட்டு விலகினால் அவர் அப்படித்தான்.

பூசை முடிய அவரை மடக்கினேன்.

"அண்ணை, பிள்ளை பிழையாப் பாடேக்க ஏன் விட்டனீங்கள்?"

"பிழையோ? அவ புதுசா ஒண்டு கட்டிக்கொண்டிருந்தவ, தம்பி. முடியட்டும் எண்டு நிண்டனான்."

எனக்கு வயிறு எரிந்தது.

கை ஆறியதும் வீட்டில் கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை மெல்ல அழுத்திக்கொண்டு, "பாடு மகள்" என்றேன்.

"கீபோர்ட் பழுதாப் போச்சோ அப்பா?"

"இல்லையம்மா. நீ பாடு, நான் நிக்கிறன்."

அவள் பாடவில்லை. சும்மா இருந்த என் மற்ற ஒன்பது விரல்களையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.