மாடி மீன்களின் இரண்டாவது கோடை

நாற்பத்தொன்று. ஏப்ரல் கடைசியில் பெருந்துறை வெயிலின் அளவு அது. விமலாராணி பார்த்தது வேறு எண்ணை. மாடியில் இருந்த மீன் தொட்டியின் தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. போன கோடையில் அது முப்பத்தெட்டைத் தொட்டது. மின்வெட்டில் மோட்டாரும் நின்றுபோக, மீன்கள் மொத்தமும் செத்து மிதந்தன. நாற்றம் தெருமுனை வரை போனது.

வீட்டுக்காரம்மா பங்காரம்மா அன்றே சொல்லிவிட்டார். "இன்னொரு கோடை பாக்கறேன் அம்மணி. மறுபடி நாறுச்சுன்னா தொட்டிய எறக்கிப்போடோணும்."

விமலாராணி சிப்காட்டில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தரம் பார்ப்பவர். வாடகைக்கு வந்தபோது பங்காரம்மா போட்ட ஒரே நிபந்தனை, மாடிக்கு மண் ஏறக் கூடாது. முன்பு குடியிருந்தவர்களின் பூந்தொட்டிகளால் தளம் கசிந்த அனுபவம் அவருக்கு. கீரைக்கு ஆசைப்பட்ட விமலாராணி, மண்ணில்லாத வழியை யூடியூபில் பிடித்தார். கீழே ஜிலேபி மீன் தொட்டி. மேலே ஜல்லி நிரப்பிய பாதி பேரல்கள். மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லியில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உரமாக்கும். செடி எடுத்துக்கொண்டது போக, தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பும்.

"மண்ணில்லீங்கம்மா, மீனுங்க" என்று அவர் அனுமதி கேட்டதைப் பங்காரம்மா இன்னும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

இரண்டாவது கோடைக்கு விமலாராணி முன்கூட்டியே தயாரானார். மேலே நிழல்வலை, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, மின்சாரம் போனாலும் காற்றூத ஒரு பேட்டரி. போர் தண்ணீர் உப்பு என்பதால், மாடிப்படி அறையின் கூரையில் விழும் மழை நேராகத் தொட்டிக்குள் இறங்க ஒரு குழாய். ஏப்ரல் முழுக்கப் புது மீன்கள் தெம்பாக இருந்தன. பொன்னாங்கண்ணி பேரலைத் தாண்டித் தொங்கியது. அதில் பாதி பங்காரம்மா வீட்டுக் குழம்புக்குப் போனது.

ஒரு வியாழன் மாலை வேலை முடிந்து வந்தவருக்கு மாடியைப் பார்த்ததும் கண் கூசியது. தளம் முழுக்க வெள்ளை.

"சுண்ணாம்பு அடிச்சாச்சு அம்மணி. படி ரூம்பு மேலயும் அடிக்கச் சொல்லிப்போட்டேன். ஊடு சில்லுனு ஆகுமில்ல, உம்பட மீனுக்கும்தான்" என்றார் பங்காரம்மா.

சனிக்கிழமை சாயங்காலம் கோடை மழை கொட்டியது. முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுவது விமலாராணியின் வழக்கம். அன்று, அத்தனை நாள் வெயிலுக்குப் பிறகு, மழையில் நனைந்துகொண்டே அவரே தொட்டிக்குப் போகும் குழாயைத் திறந்துவிட்டார். சுண்ணாம்பு நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை மீன்கள் வாயைப் பிளந்தபடி மேலே நின்றன. தீவனத்தைத் தொடவில்லை. தண்ணீர் நீர்மோர் போலக் கலங்கியிருந்தது. தண்ணீரின் காரத்தன்மை காட்டும் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார். பச்சையாக நிற்க வேண்டியது கருநீலமானது. தண்ணீரில் காரம் ஏறினால் மீன் கழிவில் உள்ள அம்மோனியா விஷமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

கணவர் பெனடிக்ட் கோவிலுக்குக் கிளம்பி நின்றார். "பூசைக்கு வரலியா? சாமியார் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"மீனக் காப்பாத்தறான்னு சொல்லுங்க. பேதுருவே மீன்காரர்தானுங்களே?"

"அவரு புடிச்ச மீனு, நீ வளக்கற மீனு. ரெண்டுக்கும் வித்தியாசமிருக்குது" என்றவர், சட்டையைக் கழற்றிப்போட்டு வாளியை எடுத்தார்.

தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துக் கொட்டினார்கள். பதிலுக்கு ஊற்றச் சேமித்த மழைநீர் இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய போர் தண்ணீர்தான் மிச்சம். கொஞ்சம் உப்பை ஜிலேபி தாங்கும்.

சத்தம் கேட்டு மேலே வந்த பங்காரம்மா மூன்று மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதப்பதைப் பார்த்தார். "வெயிலா அம்மணி?"

"இல்லீங்கம்மா, சுண்ணாம்பு. மழையில கரைஞ்சு இறங்கிருச்சுங்க. குழாயத் தொறந்தது நானுங்க."

"அடிக்கச் சொன்னது நானு. இரு கண்ணு, போர் மோட்டார் போட்டுட்டு வாரேன்" என்று பங்காரம்மா படியிறங்கினார். கீழிருந்து ரப்பர் ஓஸ் மாடிக்கு வந்தது. ஓஸின் முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரேயடியாகக் கொட்டாமல் விமலாராணி சொன்ன வேகத்தில் அவரே தண்ணீர் விட்டார்.

ஏழு மீன்கள் செத்தன. நாறுவதற்கு முன்பே பங்காரம்மா அவற்றைத் தன் கருவேப்பிலை மரத்தடியில் புதைத்தார். செவ்வாய்க்கிழமை சோதனைச் சொட்டு பச்சைக்குத் திரும்பியது. மிச்ச மீன்கள் தீவனத்துக்கு முட்டிமோதின.

"தொட்டிய எறக்கோணுங்களா?" என்று விமலாராணி கேட்டார்.

"எறக்குனா கீரைக்கு நா எங்க போறது?"

இனி அவசரமென்றால் உடனே தண்ணீர் விட, மாடிக்குத் தனியாக ஒரு போர் குழாய் இழுக்கப் பங்காரம்மா ஆளுக்குச் சொல்லியிருக்கிறார். பிளம்பர் திங்கட்கிழமை வருகிறார்.