ஆம்பூர் பிரஸ்ஸும் கட்டிப்போட்ட பட்டனும்

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஒரு மெஷினைப் பார்ப்பதற்காகவே ஆம்பூர் போனேன். தங்கச்சி செல்விக்கு அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரஸ்ஸில் வேலை தயாராக இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த மாதிரி பிரஸ்ஸில்தான் ரெண்டு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: "நீ போய் பாத்துட்டு வா. எதப் பாத்தாலும் குறை சொல்றவ நீதான். நீ சரின்னா அவ போவட்டும்." செல்வியும் கூடவே கிளம்பினாள்.

ஜோலார்பேட்டையிலிருந்து பாசஞ்சரில் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு ரெண்டு ரூபாயைத் தாண்டிய ஞாபகம் இல்லை. அம்மா சொன்னது பொய்யில்லை, ரயில் ஜன்னலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அந்த இரும்பு ஷட்டரை ஏற்றினால் கொக்கி மாட்டிக்கொண்டதா இல்லையா என்று தெரியவே தெரியாது. வண்டி குலுங்கி, கைமேல் தடாலென்று விழுந்தால்தான் தெரியும். அதைச் செய்த மகராசன் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கவே மாட்டான்.

ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு டவுன் பஸ், நாலு கிலோமீட்டர். கண்டக்டர் விசிலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு விசில் நிற்க, ரெண்டு விசில் கிளம்ப. உருது பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். என்ன அழகான ஏற்பாடு.

கம்பெனியில் சூப்பர்வைசர் பாய் எங்களைக் கட்டிங் செக்‌ஷனுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ரெண்டு பச்சை பட்டன், ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. ரெண்டையும் அமுக்கினால்தான் மேலிருக்கும் இரும்புத் தலை இறங்கித் தோலை வெட்டும். ரெண்டு கையும் பட்டனில் இருக்கும்போது விரல் எப்படி உள்ளே போகும்? எனக்கு மனசே நிறைந்துவிட்டது.

செல்விதான் கவனித்தாள். முன்வரிசையில் பாதி மெஷின்களில் இடது பட்டனைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டி, அமுங்கியபடியே வைத்திருந்தார்கள்.

"இன்னா பாய் இது?" என்றேன். எரிச்சல்தான்.

"பீஸ் ரேட்டு மா, எத்தன பீஸு வெட்றாங்களோ அத்தினிக்குத்தான் கூலி," என்றார் அவர் சங்கடத்துடன். "ஒரு கையில அமுக்கிக்கினே இன்னொரு கையில தோலத் தள்ளினா ஜாஸ்தி பீஸ் வரும். அவுத்துவுட்டா மறுபடி கட்றாங்க."

பின்வரிசையில் நாலு புது மெஷின் இருந்தது. அதிலும் ரெண்டு பட்டன்தான். செல்வி கீழே கிடந்த ஒரு வாரை எடுத்து, பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு பட்டனைக் கட்டினாள். மற்றதை அமுக்கினாள். தலை அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விட்டுவிட்டு, சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும் என்று பாய் விளக்கினார். கட்டுகிறவர்களின் குணம் தெரிந்து செய்த மெஷின். செய்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"அது சீனியர் ஆளுங்களுக்கு," என்றார் பாய். "நீ முன்னாடி மெஷின்ல உக்காரு. நீ கட்டாத, அவ்ளோதான்."

"கட்டாம ஓட்டினா எனக்குப் பீஸ் கம்மியாவும் பாய். கம்மியானா நானும் கட்டுவேன்," என்றாள் செல்வி. "கட்டவே முடியாத மெஷின் குடுங்க. இல்லன்னா வேலை வேணாம்."

எங்கள் வீட்டுக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். பாய் பின்வரிசையில் ஒரு புது மெஷினைக் காட்டினார். "திங்கக்கெழம வா," என்றார்.

வீட்டு ஆளுக்காக இப்படி மெஷின் பார்க்கப் போகிறவர்கள் கம்பெனி கேட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள். வேலை மும்முரமாக நடக்கும்போதுதான் ஆட்கள் மெஷினை நிஜத்தில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று தெரியும். சும்மா நிற்கிற மெஷின் எல்லாமே நல்ல மெஷின்தான்.

முதல் மாதம் முழுக்க, செல்வி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் ஒரு நாள் பார்க்க மறந்துபோனார்.