கொடுக்கக் கூடாத தொப்பி

டோக்தோசுன் படித்தது நாலாம் வகுப்பு. கிர்கிஸ் நாட்டில், நரின் மலைப்பக்கத்துச் சிறையொன்றில் குதிரைக்குப் புல் போட வந்தவர், யார் சிபாரிசும் இல்லாமல் தலைமைக் காவலரானார். எந்தக் கைதி உயிரை மாய்த்துக்கொள்வான், எவன் மாட்டான் என்று சாப்பிடுகிற வாயைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண் படித்து வருவதில்லை. தீனி எடுக்காத குதிரைதான் சாகும், அவ்வளவுதான் கணக்கு.

ஆடு திருடி உள்ளே வந்த ஏர்மெக்கின் அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. பல நாள் ரொட்டியைத் தொடாமல் கிடந்தவன், ஒருநாள் திடீரென்று தட்டை வழித்துச் சாப்பிட்டான். கம்பளிக் காலணியை ஒருவனுக்கும் தேநீர்க் கிண்ணத்தை இன்னொருவனுக்கும் கொடுத்தான்.

"ஆளு தேறிட்டான்மா. கையும் தாராளமாயிடுச்சு," என்றார் டோக்தோசுன்.

மனநல மருத்துவர் நர்கீஸா தலையசைக்கவில்லை. "திடீர்னு தெளிஞ்சதுதான் எனக்கு உறுத்துது பைகே. என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறான். உங்களை நிஜமாவே அண்ணனா நினைச்சுத்தான் பைகேன்னு கூப்பிடுறான். சாகணும்னு தோணுதான்னு நீங்களே நேராக் கேளுங்க."

"சும்மா இருக்கிறவன் மண்டையில நாமளே அதை ஏத்திவிடவா? நல்ல வைத்தியம்."

"கேக்குறதால வராது. இருந்தா, முன்னாடியே இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஏர்மெக் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை நீட்டினான். "நீங்க வச்சுக்கங்க பைகே. அப்பா போட்டது."

"என் தலை பெருசுடா, நுழையாது."

"சும்மா வச்சிருங்க. எனக்கு இனிமே எதுக்கு."

டோக்தோசுனின் சிரிப்பு நின்றது. குதிரையைக் கொடுப்பார்கள், கூடாரத்தையே கொடுப்பார்கள். தலையில் வைத்த தொப்பியை எந்தக் கிர்கிஸ்காரனும் கொடுக்கமாட்டான். தூங்கும்போதும் தலைமாட்டில்தான் இருக்கும். காலணியும் கிண்ணமும் எதற்குப் போயின என்று இப்போது புரிந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நேராகவே கேட்டார்.

"ஏர்மெக், செத்துடலாம்னு நினைக்கிறியா?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா. ரொம்ப நாளா. யாரும் கேக்கல பைகே."

டோக்தோசுன் எழுந்து போகவில்லை. வராந்தாவில் நின்ற காவலரைக் கூப்பிட்டு, நர்கீஸாவை அழைத்துவரச் சொன்னார். தொப்பியை அவன் தலையிலேயே வைத்துவிட்டு, தேநீர் வரவழைத்து, அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தார். அவன் பேசினான். நர்கீஸா வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அவனைத் தனியாக விடவில்லை.

கண்டுபிடித்தது தன் கண்தான் என்று டோக்தோசுன் இன்றும் சொல்லித் திரிகிறார். நர்கீஸா மறுப்பதில்லை.

சில வாரம் கழித்து அறைக்குள் ஒரே கூச்சல்.

"குடுத்த கிண்ணத்தை எவன்டா திருப்பிக் கேப்பான்? வெக்கமா இல்ல?"

"இல்ல. குடு. எனக்கு டீ குடிக்கணும்," என்றான் ஏர்மெக்.

வாசலில் நின்ற டோக்தோசுன் விலக்கிவிடப் போகவில்லை.