பன்னிரண்டு பேரைக் கூப்பிடும் பெட்டி

என் மனுசன் முத்தலிபு வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் கற்பிட்டியில் அவருடைய சத்தம் போகாத காது கிடையாது. கல்யாணம், கந்தூரி, தேர்தல், மௌத்தானவர்களின் சாவு அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர்தான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாங்கள் வள்ளங்களில் வந்து இறங்கியபோது, இருபது வயது முத்தலிபு கற்பிட்டிக் கரையில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கூட்டத்தில் தவறிப்போனவர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். "எருக்கலம்பிட்டி செய்னுலாப்தீன், உங்கட மகள் கமீலா இங்க நிக்கிறா" என்று அவர் கூப்பிட்டுத்தான் என் வாப்பா என்னைக் கண்டுபிடித்தார். பிறகு அதே ஆளை எனக்குக் கட்டியும் வைத்தார், அது வேறு கதை.

இப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் நிலானி வந்தாள். கடற்கரை ஊரான உடப்புப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். ஒரு குரலும் ஒரு கொம்பியூட்டரும் சேர்ந்து செய்கிற பாட்டொன்று உண்டாக்கியிருந்தாள். அதைப் பாட்டென்று சொல்லலாமோ தெரியாது. கடலுக்குப் போய்த் திரும்பாத பன்னிரண்டு பேரின் பெயர்களை, தனியே நின்று, ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். மைக் அதைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோகும். அந்தப் பெட்டி கொஞ்ச நேரம் குரலை வைத்திருந்து, இழுத்து, தாழ்த்தி, மண்டபத்தின் வேறொரு மூலையால் வெளியே விடும். எந்தக் குமிழை எப்போது எவ்வளவு திருகுவதென்று பார்த்துக்கொள்வது இவருடைய வேலை. முதல் தடவை கேட்டபோது நான் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

குறிப்பெல்லாம் ஒரு கொப்பியில் இருந்தது. முதல் பக்கத்தில் நிலானி தன் கையால் எழுதியிருந்தாள்: பெட்டி வெறுமையாகத் தொடங்க வேண்டும். மண்டபத்தில் இல்லாத குரல் எதுவும் கேட்கக்கூடாது. குரலை எங்கேயும் பதிந்து வைக்கக்கூடாது. பன்னிரண்டு பெயரும் கூப்பிட்டுப் பாட்டு முடிந்ததும், பெட்டி உள்ளே இருப்பதைத் தானாகவே அழித்துவிடும். ஏழு வருசம் இவர் அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஊரூராகத் திரிந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வந்தால் இவருடைய பத்து வார்த்தை நூறாகும். எனக்கு எரிச்சல் வந்ததும் உண்மைதான், மறைப்பானேன்.

இரண்டு வருசத்துக்கு முன் கற்பிட்டியில் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டதுதான் அவளுடைய கடைசி. எட்டாவது பெயரைக் கூப்பிட்டிருந்தாள். அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். முப்பது வருசப் பழக்கம்; வாங்குச் சத்தம் கேட்டால் இவருடைய கை தானாகப் போய் ஸ்பீக்கரை அடக்கிவிடும். அன்றும் அடக்கியது. மண்டபம் அப்படியே செத்துப்போனது. நிலானி மைக்கைப் பிடித்தபடி மேடையில் நிலத்தோடு குந்திவிட்டாள். வாங்கு முடிந்த பிறகும் அவளால் எழும்ப முடியவில்லை. இரத்தத்தில் வருத்தம், ஆளைக் கொல்கிற நோய்; ஒருவருக்கும் சொல்லாமல் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறாள். மூன்றாம் மாதம் இறந்துபோனாள். அவளுடைய பாட்டைப் பாதியில் நிறுத்தியது தன் கைதான் என்று இவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருசம் நிலானியின் தங்கச்சி வந்தாள். உடப்பில், வலைகள் போட்டு வைக்கிற மண்டபத்தில், அக்காவின் பாட்டைத் தான் பாடுவதாகச் சொன்னாள். இவருக்கு உயிர் வந்தது. கொம்பியூட்டரோ கிழடு தட்டிவிட்டது, திரை முழுக்கக் கோடு. புதியதில் அந்தப் பாட்டு ஓடாது. இது கண் மூடுமுன் இன்னொரு தொண்டையில் முழுதாகப் பாடி, குமிழ்களின் அளவைத் திருத்தி எழுதி வைத்தால்தான் பாட்டுப் பிழைக்கும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை செய்த ஒரே வேலை பாதியில் நின்றதுதான்.

ஒத்திகைக்கு, அன்றிலிருந்து அலுமாரிக்குள் கிடந்த பெட்டியை எடுத்து எங்கள் வீட்டு ஹோலில் வைத்தார்கள். பகல் பன்னிரண்டு மணி, நல்ல வெயில். தங்கச்சி முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறக்குமுன், அலுமாரிப் பக்கத்து ஸ்பீக்கரில் யாரோ மூச்செடுத்தார்கள். பிறகு ஒன்பதாவது பெயர் மெல்லக் கேட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கொஞ்சம் பொறுத்து, "அம்மா" என்றது.

நான் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனேன். நிலானியின் குரல்.

இவர் ஒரு மணித்தியாலம் பெட்டியைக் கிண்டிவிட்டுத்தான் வாய் திறந்தார். அன்று வெளியே போகிற சத்தத்தை மட்டும் அடக்கியிருக்கிறார். மைக் திறந்தபடியே இருந்திருக்கிறது. அந்த மூன்று நான்கு நிமிசத்துக்குள் நிலானி நிலத்தில் இருந்துகொண்டு மிச்சப் பெயர்களைத் தனக்குள் கூப்பிட்டு முடித்திருக்கிறாள். சத்தம் அடங்கியபடியே பெட்டியை நிறுத்தியதில் பாட்டு முறைப்படி முடியவில்லை; கடைசியாக வாங்கியதைப் பெட்டி அழிக்கவில்லை. இரண்டு வருசமும் அவள் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்திருக்கிறாள்.

தங்கச்சி மைக்கை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள். "நான் வாய் திறக்க முந்தி அக்கா திறக்கிறா. அழியுங்க நானா. இல்லாட்டி நான் பாடமாட்டன்" என்றாள் இவரிடம், அண்ணன் முறை வைத்து.

நிலானியின் தாய்க்காரிக்கு ஒரு தடவையாவது போட்டுக் காட்டலாம், போனில் பிடித்து வைக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இவர் கொப்பியின் முதல் பக்கத்தை என் முன் நீட்டினார். அழிக்கிற பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார். கடைசியில், "கமீலா, நீ அமத்து" என்றார்.

"அடக்கினது உங்கட கை. அமத்துறதும் அதுவே செய்யட்டும்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினார். கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

உடப்பில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினார்கள். நிலானியின் தாய் முன்வரிசைக் கதிரையில், மைக்குக்கு நேரே இருந்தா. பெட்டி வெறுமையாக இருந்ததை நானே பார்த்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய், வலைக் குவியல்களுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தன. கைப்பிள்ளைகூட அழவில்லை. அந்தக் குமிழ்களை நிலானி தன் தொண்டைக்கென்று அளந்து வைத்தவள். பன்னிரண்டாவது பெயரைத் தங்கச்சி கூப்பிட்டபோது பெட்டி அவளுடைய குரலைத் தாழ்த்தி வெளியே விட்டது. வந்தது தங்கச்சியின் குரல் இல்லை.

தாய் கதிரையை விட்டு எழும்பினா. "ஓம் புள்ள, இந்தா வாறன்" என்றா.

மைக்குக்கு அது கேட்டது. பெட்டி அதையும் வாங்கி வைத்திருந்து, நாலு மூலையாலும் விட்டது. வாறன். வாறன். நான் இவரைப் பார்த்தேன். கை குமிழில்தான் இருந்தது, திருகவில்லை. கடைசி "வாறன்" கூரையோடு தேய்ந்து போனது. பாட்டு முடிந்தது. பெட்டி வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. தாய் நேரே இவரிடம் வந்தா. "அவ கூப்பிட்டா தம்பி. நான் சொன்னது அவவுக்குக் கேட்டிருக்கும். இன்னொருக்காப் போடுங்க" என்றா.

"போடுறதுக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்லம்மா" என்று என் மனுசன் வெறும் திரையைத் திருப்பிக் காட்டினார். "இன்னொருக்காக் கூப்பிடத்தான் ஏலும்."

தங்கச்சி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மைக்குக்கு முன்னால் திரும்ப வந்து நின்றாள். சனம் கலையவில்லை. முதல் பெயர் கேட்டது. தாய் இந்தத் தடவை கதிரைக்குப் போகவில்லை. மைக்கின் காலடியில், நிலத்தில் குந்தினா.