கண்ணாடிக் கதவு போட்ட சோதனை அறை

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், செல்போன் டவர் கருவிகளுக்கான பொதுச் சோதனைக்கூடத்தை வடிவமைத்த வாத்தியார் நான். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

முன்பு டவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெரிய கம்பெனி விற்கும். இப்போது ரேடியோ பெட்டியை ஒருவர் செய்யலாம், அதை இயக்கும் சாஃப்ட்வேரை இன்னொருவர் எழுதலாம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஓர் இடம் வேண்டும். சின்ன ஆட்களால் அதைச் சொந்தமாகக் கட்ட முடியாது. அதற்குத்தான் பொதுக்கூடம். அதற்கு உயிரே ஓர் இரும்பு அறை. வெளி டவரின் சிக்னல் உள்ளே வரவே கூடாது. வரைபடத்தில் கதவையும் இரும்பில்தான் போட்டிருந்தேன்.

நான் ஊரில் இல்லாதபோது தாளாளர் கண்ணாடிக் கதவை மாட்டிவிட்டார். போய்க் கேட்டேன்.

"திறப்பு விழாவுக்கு வாரவிய வெளிய நின்னு பாக்க வேண்டாமா தம்பி? இரும்புல போட்டா பஞ்சு குடோன் மாதிரில்லா இருக்கும்."

"சிக்னல் கண்ணுக்குத் தெரியாது சார். பாக்க ஒண்ணுமில்ல."

"லைட்டு எரியுறதையாவது பாக்கட்டும்."

பூசணிக்காய் உடைத்து, கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, திறந்துவிட்டார்கள்.

முதலில் சோதனைக்கு வந்தவர் ராஜபாளையத்துப் பெண். மில்களுக்கு மின்சாரப் பேனல் செய்த பட்டறையிலேயே ரேடியோ பெட்டி செய்திருந்தார். பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெட்டி தேறினால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள்.

பெட்டியையும் அவர்கள் சாஃப்ட்வேரையும் சேர்த்து ஓட்டினோம். இணைப்பு வந்தது, அறுந்தது, மறுபடி வந்தது, அறுந்தது. மானிட்டரைப் பார்த்தால், ரோட்டோர டவரின் சிக்னல் கண்ணாடி வழியே நுழைந்து அறைக்குள் தாராளமாக உலாவுகிறது. தாளாளரிடம் ஓடினேன். கண்ணாடி மேல் தகரம் அடித்து, இடுக்கை அடைத்தால் மத்தியானமே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

"நாளைக்கு அறையப் பாக்க டெல்லில இருந்து ஆபீசருங்க வாராவ. தகரத்த அடிச்சு அசிங்கம் பண்ணாதிய. அவிய போன பொறவு பாப்போம்."

"பெங்களூர்க்காரங்க இன்னைக்கே போறாங்க சார்."

"அப்ப அந்தம்மா பெட்டி தேறலன்னு எழுதிக் குடுங்க. புது அறையக் குத்தம் சொன்னா எவன் வருவான்?"

அறைதான் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளாளர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு வாத்தியாரைக் கூப்பிட்டு, பெட்டி தேறவில்லை என்று எழுத வைத்தார். அந்த வாத்தியார் மானிட்டர் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. பெங்களூர்க்காரர்களிடம் உண்மையைச் சொன்னேன். கல்லூரி முத்திரை வைத்த தாளைத்தான் மேலிடத்தில் காட்ட முடியும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணிடம், பெங்களூரில் நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க வாடகைக்கு எடுக்கணும்னா பட்டறைய விக்கணும். என்னைய மாதிரி ஆளுக அங்க போய் அலையக் கூடாதுன்னுதானண்ணே இங்க கட்டுனிய?"

அதற்குத்தான் கட்டினோம். பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.